சுவர் குடித்த தண்ணீர்

மருதமுனையில் மகளுக்குக் கல்வீடு கட்டிக்கொடுத்துக் கலியாணம் முடித்துவைத்த நெசவுக்காரர்களை அந்தக் காலத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த வரிசையில் தானும் நிற்க வேண்டும் என்று உதுமாலெவ்வைக்கு வெகுநாள் ஆசை. 1952ஆம் ஆண்டு மூத்த மகள் றுகையாவுக்கு மாப்பிள்ளை பேசியபோது, கல்வீடு வேண்டும், ஓட்டுக்கூரை வேண்டும், நோன்புக்கு முந்திக் கலியாணம் நடக்க வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். உதுமாலெவ்வை ஒரு சொல் மறுத்துப் பேசவில்லை. தன் மண்வீட்டுக்குப் பக்கத்தில், தோணா என்கிற கடலோர ஓடையை ஒட்டிக் கிடந்த பள்ள வளவை மணல் கொட்டி நிரப்பினார். காரைதீவிலிருந்து மேசன் கதிர்காமத்தம்பியைக் கூட்டி வந்தார். மாரி முடியாத தை மாதத்திலேயே அத்திவாரம் போட்டாயிற்று.

றுகையாவுக்கு அப்போது பதினெட்டு வயது. பத்து வயதில் தறியில் உட்கார்ந்தவள். சாரமும் துவாயும் நெய்த அவளுடைய உழைப்பும் அந்தச் செங்கற்களில் இருந்தது. சுவர் எழும்ப எழும்ப வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பாள். கலியாணத்தன்று உள் அறைக்குள் போய் உட்கார்ந்தபோது புதுச் சுண்ணாம்பின் மணம் மூக்கில் ஏறியது. அந்த மணத்தை மூச்சு நிறைய இழுத்துக்கொண்டாள். இது என்னுடைய வீடு என்று மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

கணவன் ஷரிபுதீன் நல்ல மனிதன். அவள் நெய்வதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கல்லோயாக் குடியேற்றங்களுக்குப் போவான். விற்றுவிட்டு நாலைந்து நாளில் திரும்புவான். முதல் ஆறு மாதம் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கார்த்திகையில் வாடைக் காற்றும் மழையும் தொடங்கின. ஒரு காலை உள் அறையைக் கூட்டும்போது சுவரின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு நிறம் மாறியிருப்பதைக் கண்டாள். யாரோ தண்ணீரைக் கொட்டிவிட்டார்கள் என்று நினைத்துத் துடைத்தாள். மறுநாளும் இருந்தது. மழை ஓய்ந்து மாசி பிறந்ததும் அந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு போல ஒன்று பூத்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

"புது வீடெண்டா அப்பிடித்தான் மகள்," என்றாள் தாய் சல்மா உம்மா. "சுண்ணாம்பு காய ஒரு வருசம் ஆகும். சும்மா மனச அலட்டிக்காத."

ஒரு வருடம் ஆயிற்று. சுவர் காயவில்லை. அடுத்த மாரியில் ஈரம் முழங்கால் மட்டத்துக்கு ஏறியது. தறிக்குக் கால் வைக்க வெட்டிய குழியில் கணுக்கால் அளவு தண்ணீர் ஊறி நின்றதால் இரண்டு மாதம் தறி ஓடவில்லை. சுவரோடு சாய்த்து வைத்திருந்த நூற்கட்டு பூஞ்சணம் பிடித்துக் கறுத்தது. பெட்டகத்துக்குள் இருந்த கலியாணச் சேலையை எடுத்து விரித்தாள். மடிப்பெல்லாம் மஞ்சள் புள்ளி. விரல் பட்ட இடத்தில் சுவர்ப் பூச்சு மாவாகக் கொட்டியது. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் மூக்கைச் சுளித்தார்கள். அதன் பிறகுதான் சலாம் சொன்னார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? வளவில் ஏதோ இருக்கிறது, ஜின் குடியிருந்த பள்ளத்தை மூடிவிட்டார்கள் என்று கதை பரவியது. சல்மா உம்மா ஒரு லெவ்வையைக் கூட்டி வந்தாள். அவர் ஓதி, தகட்டில் இசும் என்ற காவல் எழுத்துகளை எழுதி, நாலு மூலையிலும் ஆணி அடித்து மாட்டினார். ஒரு மாதத்தில் ஆணிகள் துருப்பிடித்து விழுந்தன. றுகையா தகடுகளைப் பொறுக்கிப் பெட்டகத்தில் வைத்தாள். யாருக்கும் சொல்லவில்லை.

பிறகு ஷரிபுதீன் தன் யோசனைப்படி செய்தான். கல்லோயாவிலிருந்து சீமெந்துப் பைகளை வண்டியில் ஏற்றி வந்து, இடுப்பு உயரத்துக்குச் சுவர் முழுக்கப் பூசினான்.

"சீமெந்து எண்டா கல்லு மாதிரிப் புள்ள. இனித் தண்ணி எங்கால வரும், பாப்பம்," என்றான்.

நாலு மாதம் சுவர் சாம்பல் நிறத்தில் மொழுமொழுவென்று இருந்தது. றுகையா தினமும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அடுத்த மாரி வந்தது. சீமெந்துக்குள்ளே ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அது முடிகிற இடத்துக்கு மேலே, நெஞ்சு உயரத்தில், கறுப்பாக ஒரு கோடு ஓடியது. வெளியே வர வழியில்லாமல் போன தண்ணீர் மேலே மேலே ஏறியிருந்தது.

இதற்கிடையில் 1954 ஆவணியில் மகள் பிறந்தாள். றம்லா என்று பெயர் வைத்தார்கள். தகப்பனின் மூக்கு, பெரிய கண்கள். மூன்று மாதம் வரைக்கும் உருண்டு திரண்டு இருந்த பிள்ளைக்கு முதல் மாரியிலேயே சளி பிடித்தது. மாரி போனதும் சளியும் போனது. அடுத்த மாரியில் இழுப்பு வந்தது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள்ளிருந்து பூனை கத்துவது போலச் சத்தம் கேட்கும். பன்பாயைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் கரியாகக் கிடக்கும். றுகையா பாயை அடுப்படியில் காய வைப்பாள். காய்ந்த பாய் அன்று பின்னேரமே மறுபடி குளிர்ந்துவிடும்.

கல்முனை ஆஸ்பத்திரியில் அப்போதிக்கரி ஐயா பிள்ளையின் முதுகில் காதை வைத்துக் கேட்டார். மருந்து கொடுத்தார். "புள்ளயக் காஞ்ச இடத்துல கிடத்துங்க," என்று இரண்டு தடவை சொன்னார்.

காய்ந்த இடம் எது? வீடு திரும்பும் வழியெல்லாம் றுகையா அதையே யோசித்தாள். நாலு அறையும் ஈரம். வேலிக்கு அப்பால் வாப்பாவின் மண்வீடு மேட்டில் நின்றது. சாணம் மெழுகிய தரை, கிடுகுக்கூரை, காற்றுப் போய் வரும் களிமண் சுவர். அங்கே பாய் நனைந்ததை அவள் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. நேரே அங்கே போனாள்.

"வாப்பா, மாரி போகுமட்டும் புள்ளயோட இஞ்ச வந்து கிடக்கன்."

உதுமாலெவ்வை திடுக்கிட்டுப் போனார். "கல்வீட்ட விட்டுட்டு மண்வீட்டுல வந்து கிடக்கவா? ஊர் என்ன கதைக்கும் மகள்? உன்ட தங்கச்சி நதீராக்கும் மாப்பிள்ள பாக்கிற நேரம். உதுமாலெவ்வ கட்டின வீட்டுல மனிசர் இருக்கேலா எண்டு சொல்ல மாட்டாங்களா?"

"அப்போதிக்கரி ஐயா சொன்னாரு வாப்பா."

"மாரியில எல்லாப் புள்ளைக்கும்தான் சளி பிடிக்கும். தடிச்ச துணியால சுத்திப் படுக்க வை. போ மகள்."

றுகையா போனாள். வாப்பாவின் சொல்லை அதுவரை அவள் தட்டியதில்லை. அந்த ஒரு தடவை தட்டியிருக்கலாம் என்பதைப் பிற்பாடு அவள் வாழ்நாள் முழுக்க நினைத்தாள்.

1956 தை மாதம், ஒரு புதன்கிழமை, நடுப்பகல் லுகர் பாங்கு சொல்லி முடிந்த நேரம் றம்லா தாயின் மடியில் மௌத்தானாள். ஒரு வயதும் ஐந்து மாதமும். ஷரிபுதீன் அப்போது குடியேற்றத்தில் இருந்தான். ஆள் அனுப்பி அவன் வந்து சேர்வதற்குள் மையத்தை வைத்திருக்க முடியாமல் அடக்கிவிட்டார்கள். மையவாடியிலிருந்து திரும்பி வந்த உதுமாலெவ்வை வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை.

சுவர்தான் பிள்ளையைக் கொன்றது என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. அந்த மாரியில் காய்ந்த வீடுகளிலும் பிள்ளைகள் மௌத்தானார்கள். றுகையாவுக்கு அதுவும் தெரியும். ஆனாலும் நாற்பதாம் நாள் கத்தம் ஓதி, வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, அவள் உள் அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்தபடி நெடுநேரம் இருந்தாள். அழவில்லை. இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும் என்று புருசனிடம் சொன்னாள்.

ஷரிபுதீனும் மனம் உடைந்திருந்தான். அவனிடம் துவாய் வாங்கும், கட்டட வேலைகளை மேற்பார்வை பார்க்கும் ஓவசியர் ஒருவர் கல்லோயாவில் இருந்தார், கனகரெத்தினம் என்று பெயர். அவரிடம் கேட்டு வந்து சொன்னான். "ஈரம் மூணு வழியால வருமாம் புள்ள. கூரை ஒழுகினா மேல இருந்து கீழ இறங்கும். காத்துல இருக்கிற ஈரமும் குளிர்ந்த சுவருல வந்து படியுமாம். இல்லாட்டி நிலத்துல இருந்து ஏறும். ஒரு கண்ணாடித் துண்ட மெழுகால சுத்தி அடைச்சு ஒட்டிப் பாருங்க எண்டாரு. கண்ணாடிக்கு வெளிப்பக்கம் வேர்த்தா அது காத்து ஈரம். உள்பக்கம் வேர்த்தா சுவருக்குள்ள தண்ணி இருக்கு."

கூரை ஒழுகவில்லை. அது முன்பே தெரியும். படச் சட்டம் ஒன்றிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, மெழுகுதிரியை உருக்கிச் சுவரில் ஒட்டினாள். மழை நின்று இரண்டு மாதம் ஆன பங்குனி வெயில். நாலாம் நாள் கண்ணாடியின் உள்பக்கம், சுவரைப் பார்த்த பக்கம், துளித் துளியாக வேர்த்திருந்தது.

அலவாங்கை எடுத்துச் சுவரின் அடியில் சீமெந்தை உடைத்தாள். உள்ளே செங்கல் ஊறிப்போய்க் கிடந்தது. அலவாங்கு நுனி பட்டதும் சாந்து ஈர மணலாகக் கொட்டியது. அத்திவாரம் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இரண்டுக்கும் இடையில் ஒன்றுமே இல்லை. "நடுவுல தார் இருக்கணுமாம்," என்று ஷரிபுதீன் மெதுவாகச் சொன்னான். "தார்தான் தண்ணிய மறிக்குமாம்."

அந்தச் சித்திரையில் நதீராவின் வீட்டுக்கு அத்திவாரம் போட்டார்கள். அதே பள்ள வளவின் மறுபாதியில், அதே கதிர்காமத்தம்பி. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்திக் கலியாணம் என்று நாள் குறித்திருந்தது. மூன்றாம் நாள் காலை றுகையா அங்கே நடந்து போனாள். கடற்கரையிலிருந்து அள்ளிய மணல் மலையாகக் குவிந்திருந்தது. அதையும் எடுத்து வாயில் போட்டுப் பார்த்தாள். துப்பினாள்.

"மேசன் அண்ணன், அத்திவாரத்துக்கு மேல என்ன வெக்கப் போறீங்க?"

"செங்கல்லுதான் தங்கச்சி."

"அதுக்கு முதல்?"

கதிர்காமத்தம்பி கரண்டியைக் கீழே வைத்தார். மணல் குவியலுக்குப் பக்கத்தில் நின்ற உதுமாலெவ்வையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"எங்கிட வீட்டுலயும் இப்பிடித்தானே வெச்சீங்க?"

"ஓம்," என்றார் அவர். "தார் காச்சி ஊத்தணும் எண்டு நான் சொன்னன் தங்கச்சி. மட்டக்களப்புல இருந்து தார் வரவேண்டிய லொறி வரல்ல. றோட்டெல்லாம் வெள்ளம். பத்து நாள் பொறுப்பம் எண்டன். மணலும் ஆத்து மணல் வேணும் எண்டன். அதுக்கும் நாள் காணாது எண்டாங்க. எனக்கும் புத்தி இல்லாமப் போச்சு. கரண்டிய வெச்சிட்டுப் போயிருக்கணும்."

"ஆரு பொறுக்கேலா எண்டது?"

உதுமாலெவ்வைதான் சொன்னார். "நான்தான். நாள் குறிச்சாச்சு, நான் என்ன செய்ய? மாப்பிள்ள வீட்டாருக்கு லொறி வரல்ல எண்டு சொல்லவா? ஈரம் ஆருட வீட்டுல இல்ல? இந்தக் கரையில ஈரமில்லாத கல்வீடு ஒண்டக் காட்டு பாப்பம்."

"இப்பவும் தார் இல்லாமத்தான் கட்டப் போறீங்களா வாப்பா?"

"பெருநாளைக்கு இன்னம் மூணு மாசம்தான் கிடக்கு."

றுகையா போய் அத்திவாரத்தின் மேல், அடுத்த வரிசைக் கல் வைக்கச் சாந்து பரப்பியிருந்த இடத்தில் உட்கார்ந்தாள். சாந்து உடுப்பில் ஒட்டியது.

"அப்ப என்னையும் உள்ள வெச்சுக் கட்டுங்க. நான் ஒண்ட மையவாடியில வெச்சிட்டுத்தான் வந்திருக்கன். தங்கச்சிட புள்ளையும் போறதப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

வேலியோரம் ஆட்கள் கூடிவிட்டார்கள். சல்மா உம்மா ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தாள். றுகையா அசையவில்லை. உதுமாலெவ்வை கையை ஓங்கிக்கொண்டு வந்தார். பக்கத்தில் வந்ததும் கை தானாக இறங்கியது. அப்படியே மணலில் குந்திவிட்டார். மகளுக்கு முன்னால் அவர் அழுததை ஊர் அன்றுதான் கண்டது. கதிர்காமத்தம்பி சட்டி, கரண்டி எல்லாவற்றையும் கழுவி எடுத்துக்கொண்டு, "தார் வந்தாச் சொல்லியனுப்புங்க காக்கா, இல்லாட்டி நான் வர மாட்டன்," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வேலை நின்றது. பெருநாளைக்கு வீடு ஆகாது என்று தெரிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் மூன்று கிழமை பார்த்தார்கள். பிறகு சாய்ந்தமருதில் ஆயத்தமாக நின்ற வீடு ஒன்றில் மகனுக்குப் பெண் எடுத்துவிட்டார்கள். பிள்ளை செத்த கவலையில் மூத்தவளுக்குப் பைத்தியம், அது தங்கச்சிக்கும் வரும் என்று யாரோ சொன்னதாகவும் காதில் விழுந்தது.

நதீராவுக்குப் பதினேழு வயது. அந்த மாப்பிள்ளையை அவள் வேலிச் சந்துக்குள்ளால் ஒரு தடவை பார்த்திருந்தாள், பிடித்திருந்தது. அவள் றுகையாவிடம் வந்து ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்.

"உன்ட புள்ள போனதுக்கு என்ட வாழ்க்கைய ஏன் எடுத்தாய் ராத்தா?"

அன்றிலிருந்து ஒன்றரை வருடம் நதீரா றுகையாவோடு பேசவில்லை.

வைகாசியில் ஒரு காலை கதிர்காமத்தம்பி யாரும் கூப்பிடாமலே றுகையாவின் வீட்டுக்கு வந்தார். "கூலி வேணாம் தங்கச்சி. என்னால ஏலுமானதச் செய்யிறன்," என்றார். ஷரிபுதீனும் அவரும் சேர்ந்து சீமெந்துப் பூச்சை முழுக்க உடைத்து எடுத்தார்கள். வெளியே சுவரோரம் நாலு வருடமாகக் கூட்டித் தள்ளிய மண்ணும் சாம்பலும் உள்தரையைவிட உயரமாக மேடு கட்டியிருந்தன. அதை வெட்டி இறக்கினார்கள். சுற்றிவர வாய்க்கால் தோண்டி, உடைந்த கல்லும் ஓடும் நிரப்பித் தோணாப் பக்கம் வடியவிட்டார்கள். கிணற்றடித் தண்ணீரை வேறு பக்கம் திருப்பினார்கள். உப்பைத் தும்புக்கட்டையால் காய்ந்தபடியே தேய்த்துக் கொட்டினாள் றுகையா. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது திரும்பவும் உள்ளே போய்விடும் என்று மேசன் எச்சரித்திருந்தார். தறிக்குழியை மூடி, தறியை வெளியே மேட்டில் கிடுகுப் பந்தலுக்குள் கொண்டுபோனாள்.

பிறகு அவர் உள் அறைச் சுவரில் கை வைத்தார். அடிக்கல்லை ஒரு முழம் கழற்றுவது, தார் பூசுவது, புதுக்கல் வைத்து இறுக்குவது, காய விட்டு அடுத்த முழம். ஒரு சுவர் முடிய ஒரு மாதம் ஆனது. இரண்டாவது சுவரில் பாதி போகும்போது கதவு நிலைக்கு மேலே கிறீச்சென்று வெடிப்பு ஓடியது. கதிர்காமத்தம்பி பின்னால் நகர்ந்து நின்று நெற்றியைத் துடைத்தார்.

"இதுக்கு மேல கை வெச்சா வீடு நிக்காது தங்கச்சி. மிச்சத்துக்கு மூச்சு விட இடம் குடுங்க. சுண்ணாம்பு மட்டும் பூசுங்க, சாமான் ஒண்டும் சாத்தாதீங்க, சன்னல் மூடாதீங்க. காயும். முழுக்கக் காயாது."

அவர் சொன்னபடியே ஆயிற்று. வறண்ட கச்சான் காற்று அடித்த ஆவணியில் தார் வைத்த சுவர் எலும்பாகக் காய்ந்தது. மற்றச் சுவர்களில் ஈரம் முழங்காலுக்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. காய்ந்த சுவரைத் தொட்டபோதுதான் றுகையாவுக்கு அழுகை வந்தது. ஒரு மாத வேலை. ஒரு மாதம்தான்.

அடுத்த வருடம் மகன் ஜெமீல் பிறந்தான். அவனைச் சுவரோரம் கிடத்தவில்லை. அறையின் நடுவில் ஏணை கட்டி, இரண்டு சன்னலையும் திறந்து வைத்தாள். அவனுக்குச் சளி பிடிக்கும் போதெல்லாம் காதை அவன் முதுகில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருப்பாள். ஷரிபுதீன் பிள்ளையை வாங்கிக்கொண்டு, "ஒண்டும் இல்ல புள்ள, ஒள்ளம் நேரம் படு," என்பான். அவள் படுக்க மாட்டாள்.

1957 மார்கழியில் பெருவெள்ளம் வந்தது. வயல் பக்கமிருந்து வந்த தண்ணீரும் தோணாவும் ஒன்றாகி ஊருக்குள் நின்றன. இரண்டாம் நாள் உதுமாலெவ்வையின் மண்வீடு பின்பக்கத்துச் சுவரிலிருந்து கரைந்து, கூரையோடு உட்கார்ந்துவிட்டது. தாயையும் தகப்பனையும் நதீராவையும் ஷரிபுதீன் இடுப்பளவுத் தண்ணீரில் கைபிடித்துக் கல்வீட்டுக்குக் கூட்டி வந்தான். மூன்று நாள் எல்லாரும் கட்டிலும் மேசையும் அடுக்கி அதன் மேல் இருந்தார்கள். வெள்ளம் வடிந்தபோது சுவர்கள் தோள் மட்டத்துக்கு ஊறியிருந்தன. தார் வைத்த சுவரும் ஊறியிருந்தது. தண்ணீர் மேலாக வந்து நின்றால் தாரால் என்ன செய்ய முடியும்?

வெள்ளத்தில் நனைந்த உதுமாலெவ்வைக்குக் காய்ச்சல் கண்டு நெஞ்சில் இறங்கியது. அந்த உள் அறையில்தான் ஒன்றரை மாதம் கிடந்தார். சுவரில் உப்புப் பூப்பதைப் பார்த்துக்கொண்டே கிடப்பார். முகத்தை மறுபக்கம் திருப்பிப் படுக்கச் சொன்னாலும் கேட்க மாட்டார். மாசியில் ஒரு பின்னேரம், அஸர் தொழுகை நேரம், றுகையாவின் கையைப் பிடித்தார்.

"மகள், அண்டைக்கு நீ புள்ளயக் கொண்டு வந்து நிண்டாய். நான் திருப்பி அனுப்பினன். பொறுத்துக்க."

"பொறுத்துட்டன் வாப்பா."

சாகப் போகிறவரிடம் வேறென்ன சொல்வது? அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் சொல் தன் வாயிலிருந்துதான் வந்தது, நெஞ்சிலிருந்து முழுதாக வரவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு நாளில் அவர் மௌத்தானார். முழு மனதோடு பொறுக்க அவளுக்கு இன்னும் சில வருடங்கள் வேண்டியிருந்தன.

ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், தகப்பனுக்குக் கஞ்சி வைத்த நாட்களில் நதீரா தேவைக்குப் பேசத் தொடங்கியிருந்தாள். உப்பு எங்கே, விறகு போதுமா என்ற அளவில். நின்றுபோன அத்திவாரத்தை 1959இல்தான் மறுபடி தொட முடிந்தது. ஷரிபுதீன் ஆற்று மணலும் தாரும் முன்கூட்டியே கொண்டுவந்து சேர்த்தான். அத்திவாரத்தை மேலும் இரண்டு முழம் உயர்த்தினார்கள். கதிர்காமத்தம்பி தாரைக் காய்ச்சி ஊற்றும்போது றுகையா பக்கத்தில் நின்று ஓர் அங்குலம் விடாமல் பார்த்தாள். சுவர் காய ஒரு வருடம் விட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டில் அவசரப்பட யாரும் இல்லை. மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், மீன் வியாபாரி. நதீராவுக்கு அவரைப் பிடித்ததா என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கலியாணம் முடிந்த மறுநாள் றுகையா சீனியும் தேங்காயும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். வெளியே மூன்று நாளாக மழை. நதீரா உள் அறையில் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். றுகையா சுவரின் அடியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

"நல்லாக் காஞ்சிருக்கு, ராத்தா," என்றாள் நதீரா. சற்றுப் பொறுத்துச் சொன்னாள்: "நீ சொன்னது சரிதான். ஆனா எனக்கு அந்த மாப்பிள்ளதான் வேணுமாக் கிடந்துச்சு."

"எனக்குத் தெரியும் தங்கச்சி."

அதற்குள் மாப்பிள்ளையின் இறந்த மனைவியின் பிள்ளைகள் பசிக்கிறது என்று வந்து நின்றன. நதீரா எழுந்து குசினிக்குப் போனாள். றுகையா தேங்காயைத் துருவ உட்கார்ந்தாள்.